தொப்பிக்காரனும் செவ்வந்திப் பாதையும்

அந்த மழை ஐந்தே நிமிடம் பொறுத்துப் பெய்திருந்தால் துசியந்தி நேரே ஹவுன்ஸ்லோ ஸ்டேசனுக்குள் போயிருப்பாள். ரயிலேறி, மோர்டனில் இறங்கி, அம்மா வைத்த இரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்திருப்பாள். ஆனால் லண்டன் மழைக்கு ஆள் பார்த்துப் பெய்கிற பழக்கம் உண்டு. கையில் இருந்த குடையைக் காற்று மறுபக்கம் திருப்பிவிட, அவள் ஓடிப்போய் ஒரு சின்னக் கடையின் வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்கினாள்.

ஒதுங்கியவள் சும்மா நிற்கலாம் அல்லவா... நிற்க மாட்டாள். கடைப் பலகை, மெனு, போஸ்டர் எல்லாம் வடிவமைப்பது அவளுடைய தொழில். எந்தக் கடை வாசலில் நின்றாலும் அந்தக் கடையின் படத்தில் பிழை பிடிக்காமல் அவளுக்குப் பொழுது போகாது. இந்தக் கடையில் பிழை பிடிக்கத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி முழுக்க ஒரு மனிதன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பி, கள்ளிச் செடியில் சாய்ந்தபடி நல்ல நித்திரை. கீழே 'மெக்சிக்கோ டோர்ட்டியா' என்று மூன்று நிறத்தில் எழுதியிருந்தது.

அவள் கைபேசியை எடுத்துச் சிநேகிதி டிலக்சனாவை அழைத்தாள்.

"டிலா, ஒரு மெக்சிக்கோக் கடை வாசலில நிக்கிறன். கண்ணாடியில ஒருத்தன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நித்திரை கொள்ளுறான். ஒரு நாட்டுச் சனமே சோம்பேறி எண்டு கடைக்காரனே ஒட்டி வைச்சிருக்கிறான். எந்த மொக்கன் செய்த வேலையோ..."

"அந்த மொக்கன் நான்தான்."

குரல் பின்னால் இருந்து வந்தது. அதுவும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில்.

துசியந்தி திரும்பினாள். கதவைப் பாதி திறந்து பிடித்தபடி, முழங்கை வரை சோளமாவோடு ஒருவன் நின்றான். கோபிக்க வேண்டிய ஆள் கோபிக்கவில்லை. உதட்டில் அடக்கிவைத்த சிரிப்பு கண்களில் தப்பி வந்துகொண்டிருந்தது. மழை வெளிச்சத்தில் அந்தக் கண்கள் தேன் நிறமாகத் தெரிந்தன... சே, இந்த நேரத்தில் கண்ணையா பார்ப்பது என்று அவள் தன்னையே கடிந்துகொண்டாள்.

"உள்ள வாங்கோ. நனைஞ்சுகொண்டு பேசினால் தடிமன் வரும். உள்ள இருந்து பேசுங்கோ."

"நீங்கள் தமிழோ?"

"பிறந்தது ஜெர்மனியில, டோர்ட்முண்ட். தமிழ் அம்மா தந்தது. மொக்கன் எண்டால் விளங்கும்."

அவள் முகம் சூடாகிவிட்டது. "ஆளைத் தெரியாமல் சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் படத்தைப் பற்றிச் சொன்னதில மாற்றமில்லை."

"படத்தில என்ன பிழை? இணையத்தில மெக்சிக்கோ எண்டு அடிச்சால் இந்த ஆள்தான் முதலில வாறார்."

"நாளைக்கு ஒரு வெள்ளைக்காரன் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை திறந்து, கண்ணாடியில ஒரு பாம்பாட்டியைக் கீறிவிட்டால், நீங்கள் உள்ள போய் இடியப்பம் வாங்குவீங்களோ?"

அவன் கண்ணாடியில் இருந்த ஆளை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"மெக்சிக்கோ ஆக்கள் வாசல் வரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போறதை நான் கண்டனான்," என்றான் மெல்ல. "விலை கூடவாக்கும் எண்டு நினைச்சன்."

உள்ளே சமையற்கட்டில் ஒரு பெண் சிரித்தாள். ரொசாரியோ. மெக்சிக்கோவின் புவெப்லா ஊர்க்காரி, ஐம்பது வயது, கடையில் பாதிப் பங்கு அவளுடையது. அவன் விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லி, "உங்களுக்கும் இது பிடிக்கவில்லையா?" என்று கேட்டான். அவள் தோளைக் குலுக்கினாள். நீ எவ்வளவு ஆசையாக ஒட்டினாய், அதுதான் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். மனம் நொந்தால் வாயை மூடிக்கொள்வதுதான் ரொசாரியோவின் குணம். அந்தக் குணத்தை துசியந்தி அன்றைக்குக் கவனித்து வைத்திருந்தால் பின்னால் நல்லதாகப் போயிருக்கும்.

"அப்ப என்ன செய்வம்?" என்று கேட்டான் அவன்.

"முதலில இவரை எழுப்பி அனுப்புங்கோ."

அவன் மாவு வழிக்கும் தகட்டை எடுத்து வந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினான். தொப்பி போனது, கள்ளி போனது. மீசை மட்டும் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு நின்றது. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மழை விட்டு வெகு நேரமாகியிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. போகும்போதுதான் பெயரே கேட்டாள். கிருசாந்தன் என்றான்.

இப்படித்தான் அந்தக் கடையின் வேலை அவளிடம் வந்தது.

துசியந்திக்கு வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு சனத்தைப் பற்றிப் படம் கீற முதல் அந்தச் சனத்திடம் கேட்க வேண்டும். சனிக்கிழமைகளில் அவள் கடை மூலையில் வந்து உட்கார்ந்தாள். சாமான் வாங்க வந்த மெக்சிக்கோக்காரரிடம், வீடு என்று நினைத்தால் கண்ணுக்குள் முதலில் என்ன வரும் என்று கேட்டாள். ஒருவர்கூடத் தொப்பி என்று சொல்லவில்லை. நீல எனாமல் பானை என்றார்கள். கட்டம் போட்ட பிளாஸ்டிக் மேசை விரிப்பு என்றார்கள். சுட்ட டோர்ட்டியா என்கிற சோள ரொட்டியை ஆறாமல் சுற்றிவைக்கும் துணி, அதைப் பிரிக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவி... அதைச் சொன்ன ஒரு பெடியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் துணியும் ஆவியும்தான் புதுப் பலகையில் வந்தன. எழுத்துகளை, அந்த ஊர்ச் சுவர்களில் தூரிகையால் எழுதுவது போலக் கொஞ்சம் சரித்து, தடிப்பாக எழுதினாள். பலகை ஏறிய நாளில் ரொசாரியோ வீதிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு வந்து துசியந்தியின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். அன்றிலிருந்து அவள் 'ரொசாரியோ அன்ரி' ஆகிவிட்டாள்.

"ரொசாரியோ எண்டால் எங்கட மன்னார் பக்கத்து ஆக்களோ?" என்று வீட்டில் அம்மா இம்மாகுலேற் கேட்டாள்.

"இல்லையம்மா, மெக்சிக்கோ."

"வேதக்காரர்தானே, மாதாவைக் கும்பிடுற ஆக்கள்... பிறகென்ன."

கிருசாந்தனும் இந்த இடைவெளியில் 'நீங்கள்' என்பதில் இருந்து உரிமையோடு அழைக்கும் 'நீர்' என்பதற்கு வந்திருந்தான். எப்போது வந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. சுடச்சுட ஒரு டோர்ட்டியாவில் உப்புத் தூவி நீட்டி, "சாப்பிடும்... சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில அவிச்சு அரைச்சது," என்றபோது வந்திருக்கலாம்.

"வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்போ?"

"அதேதான். பயப்பிடாதேயும், வாய் சிவக்காது."

அவள் வாய் சிவக்கவில்லை. முகம்தான் சிவந்தது.

ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "உங்கட அம்மா எங்க இருக்கிறா?"

"டோர்ட்முண்டில," என்றான். உடனே எழுந்துபோய், கழுவி வைத்திருந்த தட்டுகளை மறுபடி கழுவினான். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒக்டோபர் நடுவில் அடுத்த வேலை வந்தது. நவம்பர் தொடக்கத்தில் மெக்சிக்கோக்காரர் இறந்தவர்களை வீட்டுக்கு அழைப்பார்கள். மேசையில் படிபடியாக மெழுகுதிரி, பழம், ரொட்டி, வெட்டுக் காகிதத் தோரணம் எல்லாம் வைத்து, நடுவில் இறந்தவர்களின் படங்கள் இருக்கும். வாசலில் இருந்து மேசை வரை செவ்வந்தி இதழ் தூவுவார்கள், வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டுமல்லவா. கடையில் அப்படியொரு மேசை வைத்து, லண்டனில் இருக்கும் மெக்சிக்கோக் குடும்பங்களை அழைக்க ரொசாரியோ ஆசைப்பட்டாள். அதற்கு ஒரு பெரிய போஸ்டர் வேண்டும்.

மண்டையோட்டுக்குப் பூ வைத்துப் பல்லிளிக்க வைக்கும் படங்கள் வேண்டவே வேண்டாம் என்று துசியந்தி முதலிலேயே முடிவெடுத்துவிட்டாள். மேசை இருக்கட்டும், நடுச் சட்டத்தில் உண்மையான ஒரு முகம் இருக்கட்டும்.

"ரொசாரியோ அன்ரி வீட்டு ஆக்களின்ர நல்ல படம் ஒண்டு அனுப்புங்கோ," என்று கிருசாந்தனுக்கு எழுதினாள்.

அவன் அனுப்பினான். சோளக்கதிர்க் கூடையோடு வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு வயதான மனிதர். பார்த்ததும் அவளுக்குப் பிடித்துவிட்டது. யார் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஆள் உயரப் போஸ்டரைக் கண்ணாடியில் ஒட்டி முடித்தபோது ரொசாரியோ சமையற்கட்டில் இருந்து வந்தாள். பார்த்தாள். கையைத் துடைத்த துணி கையிலேயே நின்றுவிட்டது.

"இது என் அண்ணன் தொமாஸ்," என்றாள் ஆங்கிலத்தில். "புவெப்லாவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அடுத்த கிழமை நெஞ்சில் ஒப்பரேசன். இன்றைக்குக் காலையில் கஞ்சி குடித்தான். உயிரோடு இருக்கிறவனை அங்கே வைக்கக் கூடாது, பிள்ளை."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

துசியந்திக்கு வாய் முந்திக்கொண்டது.

"நீங்கள்தானே இந்தப் படத்தை அனுப்பினீங்கள்."

"ஆக்களிட்டக் கேட்காமல் கீறக் கூடாது எண்டு எனக்குப் படிப்பிச்சது நீங்கள்."

மறுபடி 'நீங்கள்'. அந்தச் சொல்தான் அவளை அதிகம் சுட்டது.

"இது எங்கட வழக்கமில்லை. எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்ப எனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவன் கூப்பிடுவான் என்று சந்தி வரை காத்துக்காத்து நடந்தாள். கூப்பிடவில்லை. மழையும் பெய்யவில்லை, ஒதுங்குவதற்குச் சாட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கடைக்குள் இனி எந்த முகத்தோடு போவது... முத்தம் வைத்த அன்ரியும் போய்விட்டாள், தேன் நிறக் கண்களும் போய்விட்டன. ரயிலில் மோர்டன் வரை அதே நினைப்புத்தான்.

மறுநாள் வீட்டில் உடுப்பு அயன் பண்ண மேசையை ஒதுக்கினாள். மேசையில் இருந்த சாமான்களைக் கைக்கு எட்டிய தட்டில் எல்லாம் அடுக்கினாள். அம்மா குளித்துவிட்டு வந்தவள் ஹோலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடி பெட்டை, என்னைக் கொண்டுபோய் எங்க வைச்சிருக்கிறாய்?"

சுவர்த் தட்டில் அப்பாவின் படம் இருந்தது. முன்னால் சின்ன மின்சார மெழுகுதிரி, சுற்றிவர ரோசாப்பூ மாலை. போன வருடம் ஞானஸ்நான வீட்டில் எடுத்த அம்மாவின் படத்தைத் துசியந்தி அதற்குப் பக்கத்தில், மாலையின் ஒரு நுனி தொட, வைத்திருந்தாள்.

"அவர் போய் நாலு வருசம்தான். நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்திட்டுப் போறன். உனக்கென்ன அவசரம்?" என்றபடி அம்மா தன் படத்தை வெடுக்கென்று எடுத்து, முந்தானையால் துடைத்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு சிலுவையும் போட்டுக்கொண்டாள்.

துசியந்தி அயன் பெட்டியைக் கீழே வைத்தாள். எங்கட வழக்கமில்லை என்று எவ்வளவு திமிராகச் சொன்னாள்... அது இந்த வீட்டு வழக்கம். பிறந்ததில் இருந்து பார்த்த வழக்கம். வேறு நாட்டுச் சங்கதி, வேறு நாட்டுச் சங்கதி என்று விழுந்து விழுந்து படித்ததில் தன் வீட்டுச் சுவரைப் பார்க்க மறந்துபோனாள். அவளுக்கு அழுகை வந்தது. அம்மாவின் மடியில் முகத்தை வைத்து நன்றாகவே அழுதாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "போய் அந்த மனிசியிட்ட மன்னிப்புக் கேள்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பெடியன் என்ன மாதிரி?" என்று கேட்டாள். அம்மாக்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

துசியந்தி இந்தியக் கடைகள் நிறைந்த சவுத்தாலுக்குப் போய் ஒரு பை நிறையச் செம்மஞ்சள் செவ்வந்தி மாலை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். ரொசாரியோ மட்டும்தான் நின்றாள். துசியந்தி சொல்ல வந்ததை முழுவதும் சொல்ல விடாமல் அவளைக் கட்டிக்கொண்டாள்.

தொமாசிடம் தொலைபேசியில் சொன்னாளாம். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். படம் வடிவாக வந்திருக்கிறது, பத்திரமாக எடுத்து வை, ஆனால் அவசரப்படாதே என்று சொன்னாராம்.

"கிருசாந்தன் நேற்றே என்னிடம் வந்துவிட்டான்," என்றாள் ரொசாரியோ. "பிழை முழுக்கத் தன்னுடையது, நீ கேட்டது நல்ல படம் மட்டும்தான், யாருடையது என்று சொல்லாமல் அனுப்பியது தான்தான் என்றான். என் வீட்டு வாசலில் நின்று சொன்னான். உன்னை ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம் என்று கேட்டான்."

துசியந்தி மாலைகளைப் பிடித்தபடி நின்றாள். சந்தி வரை அவன் கூப்பிடவில்லை என்று எவ்வளவு திட்டியிருப்பாள்... அவன் வேறு வாசலில் நின்றிருக்கிறான்.

புதுப் போஸ்டர் அன்றைக்கே பிறந்தது. அதே மேசை, அதே மெழுகுதிரி, அதே தோரணம். நடுச் சட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. உங்கள் வீட்டு விருந்தாளியை நீங்களே கொண்டுவாருங்கள் என்று ஸ்பானிய மொழியில் ரொசாரியோ சொல்லிக்கொடுக்க, கீழே ஒரே ஒரு வரி எழுதினாள். இந்த முறை எழுத்து எழுத்தாகக் காட்டிக் கேட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினாள்.

நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தவர்களின் திருநாள். காலையில் அம்மாவோடு பூசைக்குப் போய், கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். பின்னேரம் வெளிக்கிடும்போது அம்மா சுவர்த் தட்டில் இருந்த அப்பாவின் படத்தை எடுத்து, துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"கொண்டு போ. அவரும் வெளியில போய்க் கன நாளாச்சு."

ஹவுன்ஸ்லோவில் இறங்கும்போது தூறல் தொடங்கியிருந்தது. கண்ணாடி வழியே மெழுகுதிரி வெளிச்சம் நனைந்த நடைபாதையில் விழுந்து கிடந்தது. உள்ளே நிறையக் குடும்பங்கள், நிறையச் சிரிப்பு. மேசை முழுக்க முகங்கள். ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததென்று ரொசாரியோ வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் இருந்து மேசை வரை கிருசாந்தன் குனிந்து இதழ் தூவிக்கொண்டு வந்தான். அவள் காலடிக்கு வந்ததும் நிமிர்ந்தான். தேன் நிறக் கண்கள்... சிவந்திருந்தன.

"ரொசாரியோ அன்ரியிட்ட நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "பிழை என்ரதும்தான். எங்கட வழக்கமில்லை எண்டு சொன்னது பொய்."

"வாரும், ஒராளைக் காட்டவேணும்," என்றான்.

வாரும். அந்த ஒரு சொல்லுக்கு அவள் எத்தனை நாள் காத்திருந்தாள்...

மேசையின் நடுவில், கழுத்து வரை பொத்தான் போட்ட குளிர்க்கோட்டுக்குள் நெற்றியில் பொட்டோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பனி. அந்தச் சிரிப்பு உதட்டில் இல்லை, கண்ணில் இருந்தது.

"அம்மா," என்றான். "டோர்ட்முண்டில எண்டு சொன்னன். அங்கதான் இருக்கிறா... மண்ணுக்குள்ள. ஆறு வருசமாய் இந்தப் படம் சூட்கேசுக்குள்ள கிடந்தது. வெளியில எடுத்து வைச்சால் அவ இல்லையெண்டது உண்மையாய்ப் போயிடும் எண்டு பயம். நீர் உயிரோட இருக்கிறவரைக் கொண்டுவந்து இதில வைச்சீர். நான் செத்துப்போனவவை உயிரோட வைச்சிருந்தன். ரெண்டு பேரும் பிழைதான்."

அவள் மெதுவாக அவன் கையைப் பிடித்தாள். கையில் செவ்வந்தி வாசம்.

"உம்மட வெறும் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கிழமை இருந்தன். நேற்றுத்தான் துணிஞ்சு வைச்சன். வைச்ச உடன உம்மைப் பற்றித்தான் அவவிட்டச் சொன்னன்."

"என்ன சொன்னீங்கள்?"

"மழைக்கு ஒதுங்கின ஒரு பெட்டை என்னை மொக்கன் எண்டவ, அண்டையில இருந்து மழை வந்தால் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறன் எண்டு."

"அவ என்ன சொன்னவ?"

"பெட்டை சரியாய்த்தான் சொல்லியிருக்கிறாள், கெதியாய்க் கேள் எண்டவ." அவன் சிரிக்கவில்லை. "எனக்கு உம்மை விருப்பம், துசி. கடைசி வரைக்கும் நீர் என்னோட இருக்கவேணும் எண்டு விருப்பம். உமக்கு?"

வெளியே தூறல் மழையாகிவிட்டது. துசியந்தி பையைத் திறந்து, துணியைப் பிரித்து, அப்பாவின் படத்தை எடுத்தாள். கண்ணாடியைக் கையால் துடைத்து, அந்தக் குளிர்க்கோட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் நகர்த்தி, இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"அப்பாவிட்டக் கேட்க முதலே எனக்கு விருப்பம்," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "மற்றதை இவை ரெண்டு பேரும் கதைக்கட்டும்."

ரொசாரியோ துணியில் சுற்றிய டோர்ட்டியாவைக் கொண்டுவந்து இரண்டு படங்களுக்கும் நடுவில் பிரித்து வைத்தாள். ஆவி இருவர் முகத்திலும் படிந்தது.

கைபேசி அடித்தது. அம்மா.

"மழை பெய்யுது பிள்ளை. அப்பாவை எப்ப கூட்டிக்கொண்டு வாறாய்?"

"கொஞ்சம் பிந்தும் அம்மா," என்றாள் துசியந்தி. அவன் விரல்கள் அவள் விரல்களுக்குள் இருந்தன. "அப்பா இஞ்ச ஒராளோட சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்."

மறுமுனையில் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்ப ஆறுதலாய்ப் பேசட்டும்," என்றாள் பிறகு. "முடிஞ்ச உடன எல்லாரையும் வீட்டை கூட்டிக்கொண்டு வா."